தாழம்பாய்க்குள் ஒரு கால்

எபெனேசாவின் முன்பல் உடைந்தது ஆஸ்பத்திரி வார்டில்தான். பக்கவாதத்தில் விழுந்த செயுமாலோவின் செத்துப்போன காலை அவள் மறுநாளே தூக்கி மடக்கினாள். முடங்கிய கைகால்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் உத்தியோகம். அவரோ ஊர்த்தலைவர். சமோவாவில் தலைவர் உட்கார்ந்திருக்க யாரும் நிற்கமாட்டார்கள்; இவள் நின்றுகொண்டு தொடையை அழுத்தினாள். அவர் அலறினார். மகன் கோலியோ எழுந்து ஒரே குத்து. விழுந்தவளை உதைத்தும் விட்டான்.

அப்பாவை விரல்கூட அசைக்கவிடாமல் விசிறி, ஊட்டிக் காப்பதுதான் அன்பு என்று அந்த வீடு நம்பியது. அந்த அன்பு அவர் தொடைத் தசையைத் தின்றுகொண்டிருந்தது.

அன்று மாலை எபெனேசாவின் தம்பி மோசே வெட்டுக்கத்தியோடு போய் அவர்கள் பன்றிகளையெல்லாம் வெட்டிச் சாய்த்தான்.

"அடுத்தது உன் கழுத்துதான்டா, கோலியோ."

பாதிரியார் கெஞ்சி மாதக்கடைசிவரை தவணை வாங்கினார். ஊர் வழக்கப்படி அதற்குள் குற்றவாளியின் குடும்பத் தலைவர் தாழம்பாயைப் போர்த்திக்கொண்டு அடிபட்டவள் வாசலில் மண்டியிட வேண்டும். பாயை அவள் வீட்டார் எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் கத்தி.

"உங்களுக்குப் பதிலா உங்க தம்பிய அனுப்பலாமே," என்றார் பாதிரியார் செயுமாலோவிடம்.

"என் மகனுக்காக என் தலைதான் குனியணும்," என்று குழறிய செயுமாலோ, எபெனேசாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"மண்டி போடக் கத்துக்குடு, பொண்ணே."

"வலிக்கும் ஐயா."

"உன் பல்லு வலியவிடவா?"

வலித்தது. அழுத்திய கையில் மருத்துவம் எவ்வளவு, வஞ்சம் எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. தசைக்கும் அந்த வித்தியாசம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அப்பா கத்தும்போதெல்லாம் கோலியோ தன் கைகள்மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

மாதக்கடைசி விடிந்தபோது அவள் வாசல் சரளைக்கல்லில் பாய்க்குள் அப்பாவும் மகனும். செயுமாலோவின் முழங்காலிலிருந்து ரத்தம் கசிந்தது. மோசே படியில் கத்தியோடு நின்றான்.

"எடுக்கப்போறியா அக்கா, நான் இறங்கட்டுமா?"

"பொறுடா. கால் நிக்குதான்னு பாக்கறேன்."

பாயின் ஓரத்தில் தெரிந்த தொடை வெடவெடத்தது. கிழவர் ஒருபக்கம் சரிந்தார். கோலியோவின் கை நீண்டது.

"தொடாதே," என்றாள்.

மோசே ஒரு படி இறங்கினான். கிழவர் பல்லைக் கடித்து, அந்தக் காலையே ஊன்றி நிமிர்ந்தார்.

எபெனேசா போய்ப் பாயை உருவினாள். மோசே கத்தியால் வாசல் தூணில் ஓங்கி வெட்டினான். இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது.

"முடிஞ்சுதா?" என்றார் செயுமாலோ.

"நாளைக்கும் மண்டி போடணும்."

"இனி யார் முன்னாடி?"

"யாரும் வேணாம். கட்டிலப் பிடிச்சுக்கிட்டுப் போட்டாப் போதும்."