வரப்பில் இறங்குவேன்

எனக்கு முடக்குவாதம் வந்தபோது வயது முப்பத்தாறு. தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமத்தில் வி.ஏ.ஓ.வாக இருந்தேன். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. பல் தேய்க்கும் பிரஷ்ஷைக்கூட இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். பத்து மணி வாக்கில்தான் மூட்டுகள் கொஞ்சம் இளகும்.

அந்தக் கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் மூழ்கியது. வயல் வயலாகப் போய்ச் சேதத்தைப் பார்த்து எழுதச் சொல்லி உத்தரவு வந்தது. தாசில்தார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்தக் காலோட சேத்துல எப்படி நடப்பீங்க? ஆபீஸ்ல உக்காந்து தபால் பாருங்க. பக்கத்து ஊர் வி.ஏ.ஓ. உங்க ஊரையும் சேத்துப் பாத்துக்குவாரு."

இரக்கப்பட்டுத்தான் சொன்னார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு ஊரையும் ஒரே ஆள் பார்த்தால் பாதி வயலை ரோட்டில் நின்றபடியே எழுத வேண்டிவரும்.

"கால் வலிக்குது சார், ஒத்துக்குறேன். ஆனா என் ஊரை நான்தான் பாப்பேன். எட்டு மணிக்கு வரச் சொல்லாதீங்க. பத்தரைக்கு இறங்கி, இருட்டுற வரைக்கும் நடக்குறேன்."

"அப்படின்னா எழுதிக் குடுங்க."

எழுதி வைத்திருந்த கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். இப்படி ஒரு பேச்சு வரும் என்று முன்பே காதில் விழுந்திருந்தது. அந்த ஒரு பக்கத்தை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. டைப் அடித்துத் தருகிறேன் என்ற கணவரிடம் வேண்டாம் என்றுவிட்டேன். தாசில்தார் என் கோணல் எழுத்தையே பார்க்கட்டும்.

படித்துவிட்டு, "சரி, போங்க" என்றார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

மறுநாள், குத்தகைக்குப் பயிர் வைத்திருந்த ஒரு பெண்ணோடு வரப்பில் இறங்கினேன். வழுக்கியது. அவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். உயிர் போய் வந்தது.

"அய்யோ, அங்க வேணாங்க! முழங்கைக்கு மேல பிடிங்க."

"இந்தக் கையை வச்சுக்கிட்டு ஏம்மா வந்தீங்க?"

"வராட்டி உங்க வயலை யாரு பாப்பா?"

அவர் பிடியை மேலே மாற்றிக்கொண்டார். அவருடைய கடைசி வயலில் முழங்கால் அளவு தண்ணீர். ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரிந்த பயிர், கிட்டே போனால் தூரோடு அழுகியிருந்தது. சேதப் பட்டியலில் அவர் பெயரை நானே எழுதினேன்.

ஆறு நாளில் ஊர் முடிந்தது. பிறகு மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. காரணத்தை மறைக்காமல் எழுதியே லீவு போட்டேன். டாக்டர் மாத்திரையை மாற்றினார். இப்போது வீக்கம் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

வேலையை விட்டுவிடேன் என்று உறவுக்காரர்கள் இன்னமும் சொல்கிறார்கள். விடுவதாக இல்லை.