ஃபிரெடியின் இடது அக்குள்

போலாரத்தில் குடியிருக்கும் ஃபிரெடி ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வயிற்றில் வேலை செய்யும் சிறுநீரகம் மனைவி ஜூடித் எட்டு வருடத்துக்கு முன் கொடுத்தது. கொடுத்தாரே தவிர, உரிமையை மாற்றித் தரவில்லை. இன்றும் "என் கிட்னி" என்றுதான் சொல்வார். ஃபிரெடி அதை வாடகைக்கு வைத்திருப்பவர், அவ்வளவே.

அதை உடம்பு தள்ளிவிடாதபடி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை அவர் தினமும் விழுங்கினார். காவல் குறைந்த இடத்தில் திருடன் வரத்தானே செய்வான்? சென்ற வருடம் கழுத்தின் வலப்பக்கம் நெல்லிக்காய் அளவு கட்டி கிளம்பியது. நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய்.

டாக்டர் சுமலதா தெலுங்கர். வேலூரில் படித்தபோது கற்ற தமிழில் பேசுவார். "கழுத்தோட நின்னிருந்தா மாத்திரையைக் குறைச்சு, மருந்து ஏத்திப் பார்க்கலாம். பரவியிருந்தா கீமோ. இவர் உடம்பு தாங்குமான்னு சந்தேகம். கிட்னியும் போகலாம்."

புதன்கிழமை ஸ்கேன் என்று முடிவானது. அதுவரை கூட்டத்தில் தலை காட்டக் கூடாது. ஞாயிறு ஆராதனைகூட கைபேசியில்தான் என்று ஜூடித் சட்டம் போட்டார். அந்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த காய்கனிகளைச் சர்ச்சில் ஏலம் விடுவார்கள். அந்த ஏலத்தில் பூசணிக்காயின் விலையை ஏற்றிவிட்டுக் கடைசி நொடியில் நழுவுவது ஃபிரெடியின் வருடாந்திர ஊழியம். ஜூடித் குகட்பள்ளியில் மகள் வீட்டுக்குக் கிளம்பியதும் இவர் ஸ்கூட்டரை எடுத்தார்.

நான் அவர்களுக்குப் பக்கத்து வீடு; ஸ்கேன் முடிவு கேட்க என் காரில்தான் போனோம். சுமலதா படத்தைத் திருப்பிக் காட்டினார். கழுத்தில் ஒரு வெளிச்சம், இடது அக்குளில் இன்னொன்று.

"ரெண்டு இடம். ரெண்டாவது ஸ்டேஜ். கீமோ பத்தி யோசிக்கணும்."

ஜூடித் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்போ என் கிட்னி?"

ஃபிரெடி படத்தை எட்டிப் பார்த்தார். முகத்தைப் பார்த்தால் பயந்தவர்போல இல்லை. பள்ளிக்கூடத்தில் குறும்பு செய்து மாட்டிக்கொண்ட பையன்போல இருந்தது.

"டாக்டரம்மா, ஊசி போட்டா அங்க வெளிச்சம் வருமா?"

"என்ன ஊசி?"

"ஃப்ளூ ஊசி. இடது கையில."

"எப்போ போட்டீங்க?"

"ஞாயித்துக்கிழமை. சர்ச்சுல."

ஜூடித்தின் அழுகை நின்றது. கோபத்தில் அவர் தமிழில் உள்ளூர் உருது கலந்தது. "சர்ச்சுக்குப் போனீயளா? ஏன் போனீய, கைக்குப் போனீய? வேண்டாம், நக்கோன்னு நான் சொல்லலியா?"

"ஏலம் பாக்கத்தான் போனேன், ஏட்டி. அங்க ஊசி முகாமும் வச்சிருந்தாங்க. போட்டா பிரியாணி டோக்கன்னு சொன்னாங்க."

சுமலதா பேனாவைக் கீழே வைத்தார். "ஊசி நல்லதுதான் சார். ஆனா ஸ்கேனுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லணும். ஊசி போட்ட பக்கம் சுரப்பி வீங்கும், அதுவும் ஒளிரும். ஒரு பிரியாணிக்காக உங்களுக்குக் கீமோ கொடுத்திருப்பேன்."

அவர் அதோடு விடவில்லை. இந்த மாதிரி உடம்பில் நோய்த்தொற்றும் ஒளிரும், புற்றுநோயும் ஒளிரும். படத்தை மட்டும் நம்பக் கூடாது என்று சொல்லி, அக்குளில் ஊசி செலுத்திச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை ஜூடித் கணவரோடு பேசவில்லை. ஜெபத்தில் மட்டும் பெயர் சொல்லித் திட்டினார்.

அக்குளில் புற்றுநோய் இல்லை. முதல் நிலையேதான். மாத்திரையைக் குறைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், சிறுநீரகத்தை விடாமல் சோதித்தார்கள். கட்டி கரைந்தது. சிறுநீரகம் முணுமுணுக்கவில்லை.

கடைசி ஸ்கேன் நல்லபடியாக வந்த அன்று, திரும்பும் வழியில் ஜூடித் பின்சீட்டிலிருந்து கேட்டார்: "அந்தப் பிரியாணில கறி இருந்துச்சா?"

"ஒரு எலும்பு."

"இதுக்குத்தான் என் கிட்னியைப் பணயம் வச்சீயளாக்கும்."