வடக்கே ஒரு பள்ளிக்கூடம்

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அம்மா, அப்பா என்பவற்றுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொண்ட சொல் தரப்படுத்தல். அப்பா அதை அவ்வளவு முறை சொல்லியிருக்கிறார். அவர் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பல்கலைக்கழகம் போவதற்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறாக இருந்ததாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மருத்துவம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வவுனியாவிலிருந்து பரீட்சை எழுதினால் அதைவிடக் குறைந்த புள்ளியே போதும். வகுப்பில் அப்பாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ஒருவர் உயர்தர வகுப்புக்கு வவுனியாவுக்கு மாறிப்போய், அப்பாவைவிடக் குறைந்த புள்ளி எடுத்து, டொக்டராகி, லண்டனில் இருக்கிறார். அப்பா ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் செய்தார். பிறந்தநாள் விழாவுக்குப் போனால் கேக் வெட்டுவதற்கு முன்பே இந்தக் கதை பரிமாறப்பட்டுவிடும்.

அக்கா பத்தாம் வகுப்பில் இருந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், அம்மருட்டில், உயர்ந்த மாடிக் கட்டடம் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அந்த வருடம் முழுவதும் தமிழ்ப் பெற்றோர் கூடிய இடமெல்லாம் ஒரே பேச்சு, பிள்ளையை எந்தப் பள்ளியில் போடுவது என்பதுதான். கிழக்குப் பக்கத்துப் பள்ளிகள் சரியில்லை, மேற்குப் பக்கத்தில் படித்தால்தான் பல்கலைக்கழகம் என்று சிலர் பிள்ளையின் விலாசத்தையே அங்கே தெரிந்தவர் வீட்டுக்கு மாற்றிவைத்தார்கள். இந்த நாட்டில் புள்ளியைத்தான் பார்ப்பார்கள், எங்கே படித்தாலும் ஒன்றுதான் என்று ஒருவர் மெல்லச் சொல்லிப்பார்த்தார். அப்பா அவரை விடவில்லை.

"எல்லா இடமும் ஒண்டுதான் எண்டு அங்கையும் சொன்னவங்கள். அதை நம்பித்தான் நான் இப்ப உருளைக்கிழங்கு உரிக்கிறன்."

இந்த நெருப்பில் எண்ணெய் ஊற்றியவர் மாமா, அம்மாவின் தம்பி. மாமா நாட்டின் வடக்கு முனையில், ஹம்மர்பெஸ்டில் இருந்தார். ஒருகாலத்தில் அங்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த தமிழர் பலர் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட, இவர் மட்டும் குளிரோடு சம்பந்தம் வைத்துக்கொண்டவர்போல அங்கேயே தங்கிவிட்டார். வடக்கு நகரமான ட்ரொம்ஸோவில் மருத்துவம் படிக்க வடபகுதிப் பிள்ளைகளுக்கென்று தனியாக இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், உயர்தரப் பள்ளியை இங்கே முடித்தால் அக்காவும் வடபகுதிப் பிள்ளைதான் என்று அவர் தொலைபேசியில் சொன்னார். அப்பா வைத்த தொலைபேசியை மறுபடி எடுத்து, இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"எல்லாரும் மேற்கைப் பாக்கிறாங்கள். விசரங்கள்! பாக்கவேண்டியது வடக்கை."

அம்மா ஒரேயடியாக மாட்டேன் என்றார். இரண்டு மாதம் சூரியனே எட்டிப்பார்க்காத ஊருக்குப் பதினாறு வயதுப் பெண்பிள்ளையை அனுப்புவதா? காய்ச்சல் என்றால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பது? தம்பி வீடுதான், ஆனாலும் பெத்த தாய் இருக்க ஏன் இன்னொரு வீட்டில் பிள்ளை சாப்பிடவேண்டும்? அதன் பிறகு எங்கள் வீட்டில் கோப்பைகள் சத்தத்தோடுதான் வைக்கப்பட்டன. அப்பாவும் அம்மாவும் ஒருவருக்கொருவர் சொல்லவேண்டியதை என்னிடம் சொல்லியனுப்பினார்கள், ஒரே அறையில் இருந்துகொண்டே. அக்கா போய்விட்டால் அந்த அறையில் நான் தனியாகப் படுக்கவேண்டும் என்பதுதான் என்னுடைய பெரிய பயம்.

அக்காவை ஒருவரும் கேட்கவில்லை. அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். பாவம், பயத்தில் வாயடைத்துப்போய்விட்டாள் என்று நினைத்து நான் என் பங்குச் சொக்லேட்டை எல்லாம் அவளுக்கே கொடுத்தேன். அவளும் மறுக்காமல் சாப்பிட்டாள்.

அப்பா வென்றார். விலாசம் மாறியது, பள்ளியில் இடமும் கிடைத்தது. ஓகஸ்ட் மாதம் மாமா அக்காவைக் கூட்டிப்போக வந்தார். புறப்படும் நாள் காலை மாமாவுக்குப் பிட்டும் முட்டைப்பொரியலும் வைத்துவிட்டு அம்மா மேசையருகில் நின்றார். பெட்டி வாசலில் நின்றது. விமானத்துக்கு நேரமாகிறது என்று அப்பா அவசரப்படுத்த, மாதக்கணக்காக அடக்கிவைத்திருந்தது அம்மாவிடமிருந்து வெடித்துக்கொண்டு வந்தது.

"நீங்கள் போனனீங்களே? உங்கடை அப்பா வவுனியாவிலை வீடும் பாத்து, பள்ளிக்கூடமும் பாத்து, பெட்டியோடை வந்து நிண்டவராம். நீங்கள் மாட்டன் எண்டு அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கை அழுதனீங்களாம். உங்கடை தங்கச்சி எனக்கு எல்லாம் சொன்னவா. உங்களுக்கு ஏலாததை என்ரை பிள்ளை செய்யவேணுமோ?"

மாமா பிட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இத்தனைக்கும் காரணமான மனிதர் அந்த நேரத்தில் முட்டையைத் தவிர வேறெதையும் அறியாதவர்போல இருந்தார்.

அப்பா கதிரையில் இருந்து, தன் கைகளைப் பார்த்துவிட்டு, அக்காவின் அறைப்பக்கம் திரும்பி, "பிள்ளை, நீ போகவேண்டாம். உடுப்பை எடுத்து உள்ளுக்கை வை" என்றார்.

எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல இருந்தது. அப்பாடா! ஆனால் அம்மாவைப் பார்த்தேன், வென்றவர் முகம்போல அது இல்லை. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவர்போலச் சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

அக்கா அறையிலிருந்து வந்தாள். ஜக்கெட்டைப் போட்டிருந்தாள். வாசலில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடியே சொன்னாள்.

"நான் போறன் அப்பா. டொக்டருக்குப் படிப்பனோ தெரியாது. ஆனா போறன்."

"உனக்கு விருப்பமில்லை எண்டால்..."

"எனக்கு விருப்பம். ஒருத்தரும் கேக்கேல்லை."

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அம்மா அழுதபடியே மிளகாய்த்தூள் பொதியைப் பெட்டிக்குள் திணித்தார். மாமா கை கழுவினார். அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்து, என் சாமான்களைத் தொடாதே என்றாள். அம்மா அவர்களோடு விமானநிலையம் வரை போக, அப்பா பெட்டியைக் கீழே பஸ் தரிப்பிடம்வரை தூக்கிக்கொண்டு போனார்.

அக்காவுக்கு அந்த ஒதுக்கீட்டால் இடம் கிடைத்ததா என்று இன்றைக்கும் விழாக்களில் கேட்கிறார்கள். கிடைத்தது. அவள் வடக்கிலேயே டொக்டராக இருக்கிறாள். அவள் எடுத்த புள்ளிக்கு ஒஸ்லோவிலேயே கிடைத்திருக்கும் என்பார் அம்மா, வடக்குத்தான் கொடுத்தது என்பார் மாமா. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. முன்பென்றால் இதில் அப்பாதான் நீதிபதியாக இருந்திருப்பார். ஆனால் அந்தக் காலைக்குப் பிறகு அவர் வவுனியாக் கதையை எந்த விழாவிலும் சொல்லவில்லை.

அன்று அப்பா பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது நான் அக்காவின் கட்டிலில் என் தலையணையைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவர் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார். கண் சிவந்திருந்தது. பெட்டி பாரமாக்கும், களைத்துவிட்டார் என்று எண்ணித் தள்ளி இடம் கொடுத்தேன். என்னைப் பார்த்துக் கேட்டார், ஏதோ எனக்கு எல்லாம் தெரியும் என்பதுபோல.

"கொக்காவுக்குக் கொஞ்சமும் பயமில்லையோ?"

"இல்லை அப்பா. அக்கா முந்தியும் பிளேனிலை போனவதானே" என்று நான் அவருக்குத் தைரியம் சொன்னேன்.