பூனை நக்கிய லேத்

கலீலுர் றஹ்மானுக்குத் திருகோணமலைக் கடைத்தெருவில் துணிக்கடை. பகல் முழுவதும் சீத்தைத் துணியும் சாரமும் கிழித்துக் கொடுப்பார். கடையைச் சாத்தியதும் பின்பக்கத்துச் சாய்ப்பில் போய் இருந்துகொண்டு தகரப் பேணிகளை வெட்டிக் கப்பல் செய்வார். நாற்பதைத் தொடப் போகும் மனிதர், இரண்டு பெண்பிள்ளைகளின் வாப்பா. எதற்கு இதெல்லாம் என்று யாராவது கேட்டால், சும்மா விளையாட்டுக்கு என்பார்.

வெள்ளைக்காரரின் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன வருடம் அது. இழுவைக் கப்பலொன்றின் எஞ்சின் அறையில் வேலை செய்தவன் ஒருவன் யன்னல் சீலை வாங்க வந்து அவருடன் பழகியிருந்தான். கப்பலேறும் முன் ஒரு பித்தளை வார்ப்பை அவர் கையில் வைத்துவிட்டுப் போனான். உள்ளங்கைக்குள் அடங்கும் நீராவி எஞ்சினுக்கான சிலிண்டர். உள்ளே துளை குடைய வேண்டும், ஒரு முகத்தைக் கண்ணாடிபோலத் தட்டையாக்க வேண்டும். அரமும் சுத்தியலும் செய்கிற வேலை இல்லை அது. இருப்பதோ ஒரே ஒரு வார்ப்பு. வெட்டுவதில் பிழை விட்டால் கப்பல் காலமெல்லாம் எஞ்சின் இல்லாத தகரமாகவே கிடக்கும்.

"இந்தக் கப்பல்ல ஏறி நாம எங்க போற?" என்று கேட்டாள் மனைவி உம்மு குல்சும், தையல் மெசினிலிருந்து தலை நிமிராமல்.

பழைய இரும்பு வாங்கி விற்கும் அருளம்பலத்தின் வளவில் சில மெசின்கள் வந்து இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போனார். மூன்று கிடந்தன. ஒன்று பெரிய லேத், பளபளவென்று. இன்னொன்று காலால் மிதிக்கும் சின்ன லேத், சேறும் துருவுமாய். மூன்றாவது மில்லிங் மெசின். அதன் முன்னால்தான் அவர் நெடுநேரம் நின்றார். லேத்தில் உலோகம் சுழல, கத்தி சும்மா நிற்கும். இதில் கத்தி சுழல, உலோகம் அதற்குக் கீழே நகர்ந்து போகும். உலகத்தையே திருப்பிப் போட்டதுபோல இருந்தது அவருக்கு. துளைக்கு லேத் வேண்டும், தட்டை முகத்துக்கு இது வேண்டும். சாய்ப்பிலோ ஒன்றுக்குத்தான் இடம்.

ஞாயிற்றுக்கிழமை லொறி வந்து மிச்சத்தைக் கொழும்புக்கு ஏற்றிவிடும் என்றார் அருளம்பலம். அதற்குள் ஒன்றை எடுத்தாக வேண்டும்.

றஹ்மான் தினமும் மாலையில் வந்து கைபிடிகளைச் சுழற்றிப் பார்த்தார். லேத் வாங்குகிறவன் எதைப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கப்பற்காரன் சொல்லியிருந்தான். கத்தியைத் தாங்கும் வண்டி ஓடுகிற தண்டவாளத்தைப் பார். அது ஓரிடத்தில் தேய்ந்திருந்தால் வண்டி அங்கே ஆடும், துளை ஒரு முனையில் அகலும், நீராவி ஒழுகும். பெரிய லேத்தின் வண்டி ஓர் ஆட்டமும் இல்லாமல் இறுக்கமாக ஓடியது. அதோடு சுறா எண்ணெய் மணம் வேறு. றஹ்மானின் தகப்பனுக்குக் கிண்ணியாவில் வள்ளம் இருந்தது; அதன் மரம் கெடாமல் இருக்கச் சுறா எண்ணெய்தான் பூசுவார். அந்த மணம் வந்தால் யாரோ சாமானைக் கவனமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தட்டை முகத்துக்கு வேறு வழி பிறகு பார்க்கலாம், முதலில் பெரிய லேத்தை எடுப்போம் என்று வாக்குக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை மாட்டுவண்டிலோடு போனபோது பெரிய லேத்தின்மேல் இரண்டு பூனைகள் இருந்து தண்டவாளத்தை நக்கிக்கொண்டிருந்தன. வண்டில்காரர் சிரித்தார். அருளம்பலமும் சிரித்தார்.

"சுறா எண்ணெய்தானே, தம்பி. என்ர வள்ளத்துக்குப் பூசின மிச்சம். கடல் காத்துக்குத் துருப்பிடிக்குமெண்டு நான்தான் ரெண்டு மூண்டு தரம் பூசினனான்."

றஹ்மான் சிரிக்கவில்லை. நீளமான தண்டவாளத்தில் பூனைகள் ஏன் ஒரு மூலையை மட்டும் விடாமல் நக்குகின்றன என்று பார்த்துக்கொண்டு நின்றார். உலோகத்தைக் கவ்விச் சுழற்றும் தலைக்குப் பக்கத்தில், அங்கேதான் எண்ணெய் தடிப்பாகத் தேங்கியிருந்தது. மட்டமான தண்டவாளத்தில் எண்ணெய் ஏன் ஓரிடத்தில் தேங்க வேண்டும்?

துணியை மண்ணெண்ணெயில் நனைத்து அந்த இடத்தை அழுத்தித் துடைத்தார். மஞ்சள் பிசின் உருண்டு உருண்டு வந்தது. பிறகு விரலை வைத்து இழுத்தார். நூலின் தடிப்பை விரலால் அறிகிற ஆள், பள்ளத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார். வண்டியை அங்கே கொண்டுவந்து அசைத்தால் ஆடும் பல்லுப்போலக் கடகடத்தது. இத்தனை நாளும் அவர் கையில் உணர்ந்த இறுக்கம் காய்ந்த சுறா எண்ணெயுடையது.

அருளம்பலத்தின் முகம் விழுந்துவிட்டது. "நான் உன்னை ஏமாத்த இல்லை, தம்பி."

"தெரியும், அண்ணன். இந்த லேத் என்ட கைல கிடைச்சிருந்தா நானும் அதைத்தான் பூசியிருப்பன்."

எண்ணெய் காணாத சின்ன லேத்தின் பக்கம் திரும்பினார். சேற்றைச் சுரண்டி, துருவைத் துடைத்து, வண்டியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தள்ளினார். எங்கும் ஒரே ஓட்டம். வண்டியின் மேற்பலகையில் நீளமாக இரண்டு பள்ளக் காடிகள் வெட்டப்பட்டிருந்தன. எதையோ பூட்டுவதற்கான காடிகள். எதை? வளவைச் சுற்றி நடந்து பார்த்தார். தண்ணீர்ப் பீப்பாய் மூடியின்மேல் பாரத்துக்கு வைத்திருந்த இரும்பில் கைபிடி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கொண்டுவந்து வைத்தார், காடியில் பொருந்தியது. கைபிடியைச் சுழற்றினால் அதன் முகம் மேலும் கீழும் ஏறி இறங்கியது. வார்ப்பை இதில் பூட்டிக் கத்தியைச் சுழலும் தலையில் மாட்டினால் லேத்தே மில்லிங் மெசின்.

"அது இல்லாட்டிக் காகம் மூடியைத் தள்ளிப்போடும்," என்றார் அருளம்பலம். ஆனாலும் பீப்பாய்க்கு ஒரு கல்லைத் தேடி வைத்துவிட்டு, சின்ன லேத்தோடு அந்த இரும்பையும் கொடுத்தார்.

வார்ப்பைத் தொடும் முன் பல வாரங்கள் கழிவு உலோகத்தில் பழகினார். துளை மட்டும் திருப்தியாக வரவில்லை. கையைக் கவனித்தால் கால் பிந்தியது, காலைக் கவனித்தால் கத்தி நடுங்கியது. பார்த்துக்கொண்டிருந்த உம்மு குல்சும் ஒருநாள் கதிரையை இழுத்துப்போட்டு மிதியில் காலை வைத்தாள்.

"நீங்க கையைப் பாருங்க. காலை எனக்கிட்ட விடுங்க."

தையல் மெசினில் பழகிய கால் ஒரே சீராக மிதித்தது. பித்தளை பொன் நூலாய்ச் சுருண்டு விழுந்தது. அன்று துளை முடிந்தது. தட்டை முகத்துக்கும் துளைக்குள் ஓடும் பிஸ்டனுக்கும் இன்னும் சில மாலைகள் போயின.

எல்லாம் முடிந்ததும் அவர் சிலிண்டரை நிமிர்த்திப் பிடித்து, அடி வாயைப் பெருவிரலால் அடைத்து, பிஸ்டனை மேலே வைத்தார். அது காற்றின்மேல் மிதப்பதுபோல அசையாமல் நின்றது. விரலை எடுத்ததும் மெல்ல வழுக்கி, ஒரே வேகத்தில் கடைசிவரை இறங்கியது. தலைகீழாகத் திருப்பிச் செய்தார். அப்போதும் அப்படித்தான்.

உம்மு குல்சும் கையை நீட்டினாள். சிலிண்டரை வாங்கித் தன் விரலால் அடைத்தாள், விட்டாள், மறுபடி அடைத்தாள்.

"காத்தா தாங்குது?" என்று கேட்டாள். அவர் ஓம் என்றார். அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.