உறையாத தயிர்

பசுவின் மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட டாக்டர், "மூணு நாளைக்குப் பாலை யாருக்கும் ஊத்தாதீங்க" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். கறந்த பாலைக் கீழே கொட்ட எனக்கு மனம் வரவில்லை. அன்று மாலையே வழக்கம்போல் வீடு வீடாக ஊற்றினேன்.

மறுநாள் காலை, கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டு வாசலில் மாமியார் புது மருமகளை ஏசிக்கொண்டிருந்தார்.

"ஒரு சட்டி தயிரு உறைய மாட்டேங்கு. இவ கைராசி அப்படி! நீயே சொல்லுளா" என்றார் என்னிடம்.

"உறைமோர் பத்தாம இருந்திருக்கும்" என்றேன், வாய் கூசாமல்.

மருமகள் என்னை நேராகப் பார்த்தாள். "மாட்டுக்கு ஊசி போட்டியளாக்கா? மருந்து பால்ல இறங்குனா உறையாது. எங்க வீட்டுலயும் மாடு உண்டு."

"இல்லையே!"

"பாத்தியா, தன் தப்பை அடுத்தவ தலையில கட்டுதா!" என்று மாமியார் இன்னும் கத்தினார்.

அந்தப் பெண் பாத்திரத்தை நீட்டினாள். அதிலும் அதே பாலை ஊற்றினேன்.

இன்றும் அந்த மாமியாரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவர் தெரியாமல் ஏசினார். நான் தெரிந்தே ஊற்றினேன்.