கொக்கி வைக்க வந்தவள்

திருமங்கலத்தில் அம்மா நடத்தும் தையல் கடைக்கு ஃபால்ஸ் வைக்க வந்திருந்த கல்யாணப் பட்டு ஒன்றை, பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி எடுத்துப் போய்விட்டாள். சேலை கிடைத்துவிட்டது, கடையின் பெயர் கெட்டது கெட்டதுதான். இளைஞர் நீதிக் குழுமம், அம்மாவின் சம்மதத்தோடு இருவரையும் எதிரெதிரே அமர்ந்து பேசச் சொன்னது.

துணைக்கு நானும் போனேன். அந்தத் திருட்டால் தனக்கு நேர்ந்ததை அந்தப் பெண்ணிடமே சொல்லுமாறு நன்னடத்தை அலுவலர் அம்மாவைக் கேட்டார். சேலைக்குரியவர் கடை வாசலில் நின்று பேசிய பேச்சு, தூக்கமற்ற இரவுகள், கடையை மூடிவிடலாமென்ற நினைப்பு என எல்லாவற்றையும் அம்மா சொன்னாள். அடுத்த பாயில் படுத்திருந்த எனக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. நான் கேட்டபோதெல்லாம், ஒன்றுமில்லை, நீ படி என்பதே பதிலாக இருந்தது.

பிறகு அம்மா அவளைக் கேட்டாள்: "ஏத்தா, எதுக்கு எடுத்த?"

அக்காவின் நிச்சயத்துக்கு நல்ல சேலை இல்லையென்று அவள் அழுதாள். எதையுமே எடுத்திராத என்னிடம், அம்மா அந்தக் குரலில் ஒருபோதும் ஒன்றும் கேட்டதில்லை.

சனிக்கிழமைகளில் அவள் கடைக்கு வந்து ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துத் தர வேண்டுமென்று முடிவாயிற்று. மதுரையில் இலக்கிய வகுப்பு முடிந்து நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே அம்மாவின் சிரிப்பு தெருவில் கேட்கும். நான் பள்ளிப் பாடம் எழுதிய பெஞ்சில் அவள் இருப்பாள். அவள் வைத்த கொக்கிகள் கோணல். அம்மா பொறுமையாகப் பிரித்து, மறுபடி வைக்கச் சொல்வாள். என் கோணல் தையலைக் கண்டதும் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு படிக்க அனுப்பியவளும் இதே அம்மாதான்.

ஒரு சனிக்கிழமை அந்தப் பெண் நேராகவே கேட்டுவிட்டாள்.

"அக்கா, நான் வந்ததுலருந்து என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கிறீங்க. சேலைய அம்மாகிட்டருந்துதான் எடுத்தேன். ஒங்ககிட்டருந்து என்னத்த எடுத்தேன்?"

தையல் மெஷின் நின்றது. அம்மா நிமிரவில்லை.

"ஒன்கிட்டப் பேசுறதுல பாதிகூட எங்கம்மா என்கிட்டப் பேசுனதில்ல" என்றேன்.

அம்மா நூலைக் கடித்துத் துண்டித்தாள்.

"இவ படிப்பு கெட்டுரும்னுதான் ஒண்ணுஞ் சொல்லாம இருந்தேன்" என்றாள். அதையும் அவளைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு, "தள்ளி உக்காரு. அக்காவுக்கு எடம் விடு."

அவள் நகர, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் இருவர் மடியிலும் விழும்படி அம்மா ஒரு ஜாக்கெட்டைப் போட்டாள். அந்தப் பெண் ஊசியில் நூல் கோத்து முடிப்பதற்குள், முதல் கொக்கியை நான் வைத்துவிட்டேன்.