மலை அணிலின் முகம்

கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது அலுவலகத்தில் எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். இந்த வயதில் மலையில் தனியாக எப்படி இருப்பீர்கள் என்று கேட்டவர்களில் பாதிப் பேருக்கு, அந்த இடம் தங்கள் தலையில் விழவில்லை என்ற நிம்மதி. நான் குமாஸ்தா. போடுகிற இடத்துக்குப் போக வேண்டியவள்.

காரவள்ளியில் மலையேறத் தொடங்கிய பஸ், வளைவு வளைவாகச் சுற்றிச் சோளக்காட்டில் இறக்கிவிட்டது. பெட்டிக்குள் மகன் வேண்டாமென்று போட்ட கேமரா இருந்தது. அவன் புதிது வாங்கிவிட்டான். வீணாகக் கிடக்கிறதே என்று எடுத்து வந்தேன், அவ்வளவுதான்.

சின்ன வயதில் எனக்கு இந்தப் பைத்தியம் இருந்தது. அப்பாவின் ஃபிலிம் கேமராவோடு கிணற்று மேட்டில் மீன்கொத்திக்காகக் குப்புறப் படுத்துக் கிடப்பேன். கழுவி வந்த படத்தில் மீன்கொத்தி கடுகளவு இருக்கும். எங்கள் வீட்டில் ஆள் இல்லாத படம் என்றாலே தண்டம். ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் இதில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுச் சிரிப்பார்கள். அக்கா கல்யாணத்தோடு கேமரா பீரோவுக்குள் போனது. நானும் ஒன்றும் அழவில்லை. படிப்பு, வேலை, கல்யாணம் என்று வந்த பிறகு மீன்கொத்தியை யார் நினைத்தார்கள்?

மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். குண்டூர் நாட்டில் நான் குடியிருந்த வீட்டை ஒட்டி ஒரு மிளகுத் தோட்டம். நடுவில் பெரிய பலா. அதன் உச்சிக் கிளையில் குச்சியும் இலையுமாக ஒரு கூடு. அதில் மலை அணில். பூனை அளவு உடம்பு, உடம்பைவிட நீளமான வால். முதன்முதலில் கேமரா வழியாக அதைப் பார்த்தபோது என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கிணற்று மேட்டில் பிடித்த அதே மூச்சு. இந்த வயதில் இதென்ன என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து ஆபீஸுக்குப் போகுமுன் தினமும் மரத்தடிதான். கூட்டில் ஒரு குட்டி இருப்பதும் தெரிந்தது. தாயின் முகம் மட்டும் படத்தில் விழவே இல்லை. வால் விழும், வயிறு விழும், முகத்துக்கு நேரே ஓர் இலை வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அந்த முகம் வேண்டும். வேறெதற்கும் நான் இவ்வளவு பிடிவாதம் பிடித்ததில்லை.

தோட்டத்துக்காரர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் அண்ணாந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கே கழுத்து வலித்திருக்கும். ஒரு நாள் படங்களைக் காட்டச் சொன்னார். கிளை மறைக்கிறது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, விடுமுறைக்கு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் பலா மொட்டையாக நிற்கிறது. மிளகுக் கொடிக்கு வெளிச்சம் வேண்டுமென்று அது படர்ந்திருக்கும் சில்வர் ஓக் மரங்களில் வருஷா வருஷம் கிளை கழிப்பார்கள். அதே மாதிரி, கூடு இருந்த கிளையை மட்டும் விட்டு, பலாவைக் கழித்திருந்தார். வெட்டுவாயில் பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் நிற்பதற்குப் புல்லைச் செதுக்கி இடம்கூடப் பண்ணி வைத்திருந்தார்.

"இப்பப் பாருங்க மேடம், ஒண்ணும் மறைக்காதுங்க."

கத்தியிருப்பேன். அவர் முகத்தில் இருந்த பெருமை என் வாயை அடைத்தது. பக்கத்து சில்வர் ஓக்கில் தாய் அணில் கத்திக்கொண்டே இருந்தது. கிளைக்குக் கிளை தாவித்தான் அது போய் வரும். தரையில் இறங்கப் பயப்படும். இப்போது இரண்டு மரத்துக்கும் நடுவே தாவுவதற்கு ஒன்றுமில்லை. குட்டி இந்தப் பக்கம், தாய் அந்தப் பக்கம்.

அதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அது தோணலீங்களே," என்றார்.

ஓடிப்போய் மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணியைத் தூக்கி வந்தார். பலாவில் ஏறி, ஏணியைக் குறுக்கே நீட்டி, அதன் நுனியை சில்வர் ஓக்கின் கவையில் மாட்டி, இந்தப் பக்கம் கயிற்றால் இறுகக் கட்டினார். அவர் இறங்கியதும் இருவரும் தள்ளிப் போய் உட்கார்ந்தோம். ஆபீஸுக்கு லீவு சொன்னேன். வெயில் ஏறியது. குட்டி பருந்துக்குத்தான் போகும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

கடைசியில் தாய் மூங்கிலில் கால் வைத்தது. திரும்பியது, மறுபடி வைத்தது. ஒரே ஓட்டமாகக் கூட்டுக்குள் போய்க் குட்டியைக் கவ்விக்கொண்டு வந்தது. நட்டநடு மூங்கிலில், முழு வெயிலில், முகம் நேராக என் பக்கம்.

"எடுங்க மேடம்."

எடுத்தேன். கேமராவின் சத்தத்தில் அணில் அசையாமல் நின்றுவிட்டது. வாயில் குட்டி தொங்கியது. தவறவிட்டுவிடுமோ என்று பயந்தேன். கேமராவை மடியில் வைத்துவிட்டேன். அணில் நெடுநேரம் நின்று, பிறகு நகர்ந்து, அந்தப் பக்கத்து இலைகளுக்குள் போனது.

படத்தைப் பார்த்து அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஊட்டுல மாட்டோணும், ஒண்ணு கழுவிக் குடுங்க," என்று கேட்டார். கொடுத்தேன். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் நம்ம பலா மரத்தில் மேடம் எடுத்தது என்று காட்டுகிறார். ஒவ்வொரு மயிரும் எண்ணலாம்போல் அவ்வளவு தெளிவு. அந்தக் கண்ணில் இருக்கும் பயமும் அவ்வளவு தெளிவு.

நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அவர் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனால், அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.